சூட்டுக் கேமராவும் அப்பாவின் இடது காலும்

ஏப்ரல் 27, திங்கள்

தவமணி மாமா கோயம்புத்தூரிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி. மொட்டை மாடிகளில் சோலார் பலகை மாட்டுவது அவர் தொழில். பலகையில் எந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பார்க்க ஒரு கேமரா வைத்திருப்பார். புதிதாகப் பெரியது வாங்கிவிட்டதால் பழையதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். தீப்பெட்டி அளவுதான். செல்போனின் அடியில் சொருகினால் திரையில் உலகமே சூடும் குளிருமாகத் தெரிகிறது. சூடு என்றால் மஞ்சள், மிகச் சூடு என்றால் வெள்ளை. குளிர் என்றால் ஊதா, நீலம்.

முதலில் அம்மாவைப் பார்த்தேன். முகம் ஆரஞ்சுப் பழம். மூக்கு மட்டும் நீலம்.

"அம்மாவுக்கு மூக்குமேல கோவம்னு அப்பா சொல்றது பொய்யி. ஒடம்புலயே அங்கதான் குளுகுளுன்னு இருக்கு" என்றேன்.

அம்மா கரண்டியைத் தூக்கினார். கரண்டி வெள்ளை. ஓடிவிட்டேன்.

பத்தாவது பரீட்சை முடிந்துவிட்டது. ரிசல்ட் வரும்வரை நான் இந்த ஊரின் அதிகாரபூர்வ வேலையற்றவள். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. நானும் சும்மா கிடக்கிறேன். இருவரும் சேர்ந்துகொண்டோம்.

ஏப்ரல் 29, புதன்

இதுவரை கண்டுபிடித்தவை:

அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது சிலிண்டரைப் பார்த்தால் கேஸ் இருக்கும் மட்டம்வரை நீலமாகத் தெரிகிறது. அதற்கு மேல் காலி. அம்மா இதுநாள்வரை சிலிண்டரைத் தூக்கிக் குலுக்கிக் காதை வைத்துப் பார்ப்பார், டாக்டர் மாதிரி. இன்று பார்த்துவிட்டு "இது ஒண்ணுக்காகவே எந்தம்பிய நல்லா இருன்னு சொல்லலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிரிட்ஜ் கதவின் கீழ் மூலையில் குளிர் கசிகிறது. ரப்பர் போய்விட்டது.

மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த பூனை மில்லில் கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. மஞ்சளாக ஒரு பெரிய உருண்டை, பக்கத்தில் குட்டிக் குட்டியாக நாலு உருண்டை. லட்டுத் தட்டு மாதிரி இருந்தது.

மில் என்று எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டின் முன்பாதி மாவு மில், பின்பாதி நாங்கள். அப்பா பெயர் முத்திருளன். ஊரில் மில்க்காரர் என்பார்கள். அரிசி, ராகி, மிளகாய், மல்லி எது கொண்டுவந்தாலும் அரைப்பார். மாவு அதிகம் சூடேறினால் ருசி போய்விடும் என்று குழாயிலிருந்து விழும் மாவைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேமராவைக் காட்டினேன். "என் கைய விடவா?" என்றார். ஆனால் மோட்டாரின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக எரிவதைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. கழற்றி கிரீஸ் வைத்தார்.

மே 1, வெள்ளி

துரோகம். அம்மா கேமராவைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

"டிவி பாத்தியா?"

"இல்லம்மா, துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அம்மா போனை டிவியின் முதுகுக்குக் காட்டினார். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. துணிக்கூடையையும் காட்டினார். நீலம். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் எழுதினால் டைரி சூடாகிவிடும்.

மே 3, ஞாயிறு

தெருவே வருகிறது. எதிர்வீட்டுச் சுவரில் தண்ணீர் எங்கிருந்து ஊறுகிறது என்று பார்த்துச் சொன்னேன். ரைஸ்மில் தெருவில் ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டு திகுதிகு என்றிருந்தது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன், உள்ளே வயர் கருகியிருந்தது. இரண்டு சின்னப் பையன்களிடம் சுவரில் கை வைக்கச் சொல்லி, கையை எடுத்த பிறகும் அங்கேயே இருக்கும் கைச்சூட்டைக் காட்டி, "ஒன் ஆவி இன்னும் அங்கயேதான் நிக்குது" என்றேன். ஒருவன் அழுதுகொண்டே ஓடினான்.

அடுத்த தெரு ஜெசிந்தா அக்காவும் வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஒரு குழந்தையின் நெற்றியைக் கேமராவில் காட்டிக் காய்ச்சலா என்று கேட்டவரை அவர் திட்டினார். "அதுக்குத் தெர்மாமீட்டர் இருக்குல்ல. இது சூடு எங்க இருக்குன்னு மட்டுந்தான் காட்டும். எவ்வளவுன்னு இதை நம்பாதீங்க." எங்கே என்பது மட்டும் போதுமே என்று நினைத்தேன். எனக்கு வேடிக்கைதானே வேண்டும்.

மே 5, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் இன்று காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நூலில் விரலி மஞ்சள் கோத்து அப்பாவின் மணிக்கட்டில் பூசாரி கட்டினார். இனி பூக்குழி இறங்கும்வரை அப்பாவுக்குச் செருப்பு கிடையாது, கறி கிடையாது, கட்டில் கிடையாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அப்பாவுக்குக் கறி கிடையாது என்றால் வீட்டில் யாருக்கும் கிடையாது. காப்பு அவருக்கு, ஆப்பு எனக்கு.

நான் ரொம்பப் பேசக் கூடாது. இது எனக்காக. எனக்கு டெங்கு வந்து கண் திறக்காமல் கிடந்தபோது, "ஆத்தா, புள்ளைய எழுப்பி விட்ரு, மூணு வருசம் பூ எறங்குறேன்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வேண்டிக்கொண்டாராம். நான் எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது பரோட்டா.

முதல் வருடம் அப்பா கங்கின் மேல் நடந்து வந்து பாலில் காலை வைத்தபோது முகம் கோணியது. நாலு நாள் சோற்றுக் கற்றாழை வைத்துக் கட்டினோம். போன வருடம் அப்படி இல்லை. நிதானமாக நடந்து வந்தார், கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி. "சுடவே இல்ல. ஈரப்புல்லு மேல நடந்த மாதிரி இருந்துச்சு" என்றார். கொப்புளம் வந்திருந்தது. அம்மா காட்டியபோதுதான் அவருக்கே தெரியும். வலிக்கவில்லை என்றார். ஆத்தா தாங்கிக்கொண்டாள் என்று பூசாரி ஊருக்கே சொன்னார். அதிலிருந்து மில்லுக்கு வருகிறவர்கள் மாவு வாங்கிக்கொண்டு, குழந்தையை நீட்டி அப்பா கையால் துன்னூறும் பூசிக்கொண்டு போகிறார்கள். அப்பா முகத்தில் அப்போது மட்டும் ஒரு வெட்கம் வரும்.

இது கடைசி வருடம். அடுத்த புதன்கிழமை பூக்குழி.

மே 6, புதன்

அப்பாவிடம் தோற்றுப்போனேன்.

ஐஸ் கட்டி என் பழைய வித்தை. மத்தியானம் மோட்டாரை நிறுத்திவிட்டு அப்பா மூட்டையில் சாய்ந்து, காலை நீட்டி, பேப்பர் படிப்பார். சத்தமில்லாமல் போய் உள்ளங்காலில் வைத்தால் "அடியே!" என்று துள்ளுவார். பேப்பர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். இன்று வைத்தேன். துள்ளவில்லை. அழுத்தி வைத்தேன். பக்கத்தைப் புரட்டினார். கட்டி முழுக்கக் கரைந்து என் விரல்தான் விறைத்தது. கேமராவில் பார்த்தேன், உள்ளங்காலில் நீலமாக வட்டம் தெரிந்தது. வைத்தது வைத்ததுதான்.

என்ன ஒரு நடிப்பு! என்னைக் கடுப்பேற்றவே முகத்தை அப்படி வைத்திருந்திருக்கிறார். நான் தோற்றதைக் கேட்டுச் சிரிப்பார் என்பதால் அதைப் பற்றி நான் பேசவே இல்லை.

மே 7, வியாழன்

மிளகாய் நாள். திருவிழாவுக்காக ஆளாளுக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். மில்லுக்குள் நின்றால் தும்மல், வெளியே வந்தால் இருமல். தரையெல்லாம் சிவப்பு. அப்பா வெறுங்காலோடு அதிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் குதிகால் வெடித்துக் காய்ந்த கண்மாய் மாதிரி இருக்கும்.

அம்மா கேட்டார்: "பித்தவெடிப்புல மொளகாப்பொடி படுதே, எரியல?"

"ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தா பாப்பா. நீங்க கழுவுங்க."

அப்பா கழுவினார். எரிகிறது என்று சொல்லவில்லை. நான் ஒரு துளி பட்ட என் விரலைச் சாயங்காலம்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.

மே 8, வெள்ளி

பொழுது போகாமல் எல்லோர் உள்ளங்காலையும் படம் பிடித்தேன். 'காலடிக் கண்காட்சி' என்று பெயர். அம்மாவின் கால் நடுவில் மஞ்சள், விரல் நுனி நீலம். என் கால் முழுக்க மஞ்சள், சுறுசுறுப்பான கால். அப்பாவின் வலது கால் மங்கிய ஊதா. இடது காலில், கட்டைவிரலுக்குக் கீழே, அந்தக் காய்த்துப்போன மேட்டில், ஒரு வெள்ளைப் பொட்டு. சுற்றிலும் மஞ்சள் வளையம்.

"அப்பா, ஒங்க காலுல யாரோ அடுப்பு பத்த வச்சிருக்காக."

அவரும் எட்டிப் பார்த்தார். "அடுப்பு இல்ல தாயி. ஆத்தா ஏத்தி வச்ச வெளக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணால் பார்த்தால் ஒன்றுமே இல்லை. காய்ப்பின் நடுவில் மிளகின் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அழுத்தினேன். "வலிக்குதா?" "இல்லையே." நன்றாக அழுத்தினேன். "இல்ல தாயி." விரலில் ஈரம் பட்டது. நாற்றம் அடித்தது. அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

படத்தை வேடிக்கைக்காக மாமாவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "சோலார்ல இப்படி ஒரு எடம் தெரிஞ்சா அந்தப் பலகையக் கழட்டிருவோம். யார் காலு இது?"

மே 8, மறுபடியும்

நடிப்பு இல்லை என்றால்?

மே 9, சனி

ஜெசிந்தா அக்காவை மாவு வாங்குகிற சாக்கில் வரச்சொன்னேன். மாவு வாங்கினார். பிறகு, "அண்ணே, ஈசு என்னமோ படம் காட்டுனா, காலக் கொஞ்சம் நீட்டுங்க" என்றார். ஈசு என்றால் நான். முழுப் பெயர் கார்த்தீஸ்வரி, அதை யாரும் முழுசாகக் கூப்பிட்டதில்லை.

அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்.

"எங்கண்ணே தொடுறேன்?"

"சுண்டு விரல்ல."

அக்கா அப்போது தொடவே இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இப்ப?"

"குதிகால்ல."

தொட்டுக்கொண்டிருந்தது கட்டைவிரலை.

விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்த்தார். "சர்க்கரை மாத்திரை போடுறீங்களா?" அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம். விரதத்தில் மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டாராம். அதற்கு முன்பும் ஒழுங்காகப் போட்டதில்லை. அக்கா பதமாகத்தான் பேசினார். உள்ளே சீழ் பிடித்திருக்கிறது, இன்றே மதுரைக்குப் போக வேண்டும், நாளாக ஆகக் கால் தங்காது.

"காப்புக் கட்டியிருக்குல்ல தங்கச்சி. எல்லை தாண்டக் கூடாது. பூக்குழி முடிஞ்ச மறுநாளு மொத பஸ்ஸுல போறேன்."

"அண்ணே, இந்தக் காலோட நெருப்புல…"

"போன வருசம் தாங்குனவ இந்த வருசம் விட்ருவாளா?"

வெளியே வேப்பமரத்தடியில் அக்கா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, பாதத்தில் உணர்ச்சியே இல்லை, இது நேற்று வந்ததல்ல, போன வருடமே இருந்திருக்கும். அம்மா புரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த ஈரப்புல்லு…"

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

மே 10, ஞாயிறு

அம்மா பூசாரியைப் பார்த்துவிட்டு வந்தார். பூசாரி நல்ல மனிதர், அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "நோவுன்னா காப்ப அவுத்துறலாம், கனி. மஞ்சத்தண்ணியத் தெளிச்சு நானே அவுக்கிறேன். அடுத்த வருசம் எறங்கட்டும். ஆத்தா ஒண்ணும் கேக்க மாட்டா. அவன்தான் கேப்பான்" என்றாராம்.

அப்பா கேட்கத்தான் செய்தார். கேட்டுவிட்டு அதையேதான் சொன்னார். போன வருடம் தாங்கினவள். அந்த ஒரு வருடம்தான் அவர் கையில் இருக்கும் சாவி, எந்தப் பூட்டை நீட்டினாலும் அதையே போடுகிறார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை.

"நான் சொன்னா மதம் மாத்த வந்துட்டான்னு பேசுவாக, ஈசு. நாளைக்கு ஒருத்தரும் தடுப்பூசிக்குக்கூடப் புள்ளையத் தர மாட்டாக" என்றார் ஜெசிந்தா அக்கா.

"நான் சொன்னா சாமியப் பழிச்சவளாயிருவேன். அவரு காலுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா, நீ சொன்ன வாய்தான்டின்னு ஊரே சொல்லும்" என்றார் அம்மா. பிறகு என்னையே பார்த்தார்.

நான் சொன்னால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் நான் சொல்வதை யாரும் நம்பியதே இல்லை. இத்தனை வருடம் உழைத்துச் சேர்த்த பெயர்.

மே 11, திங்கள்

காலையில் அப்பா தூங்கும்போது கேமராவில் பார்த்தேன். வெள்ளை வளர்ந்திருக்கிறது. பாதத்தின் மேல்பக்கம்வரை மஞ்சள் ஏறியிருந்தது.

பல் விளக்கும்போது யோசித்தேன். காலில் கயிறு கட்டிப் போடலாம். மாமாவை விட்டுக் காரில் தூக்கிப் போகச் சொல்லலாம். எனக்குக் காய்ச்சல் என்று நடிக்கலாம், மதுரைக்கு ஓடிவருவார். கடைசி யோசனை நல்லதுதான். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் அவர் இன்னும் மூன்று வருடம் வேண்டிக்கொள்வார்.

பதினோரு மணிக்கு ராகி அரைத்து முடித்து மோட்டாரை நிறுத்தினார். மோட்டார் நின்றதும் மில்லுக்குள் காது அடைத்துக்கொண்டது மாதிரி ஒரு அமைதி வரும்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தாயி."

"போன வருசம் பூக்குழி சுடலன்னு சொன்னீங்கல்ல."

"ஆமா. ஈரப்புல்லு…"

"அது ஆத்தா இல்லப்பா. ஒங்க காலு."

சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் கேட்பார்.

"இதுலயுமாடி வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லப்பா. புதன்கெழம பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீகள்ல. அப்ப ஒங்க காலுல ஐஸ் வச்சேன். முழுசும் கரையிற வரைக்கும் வச்சிருந்தேன்."

"என்னைக்கு?"

"புதன்கெழம."

"எந்தக் கால்ல?"

காட்டினேன். அவர் அந்தக் காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"நீங்க நடிக்கிறீகன்னு நெனச்சேன். சுகர் நரம்பத் தின்னுருச்சாம்ப்பா. போன வருசமே தின்னுருச்சாம். இந்த வருசமும் சுடாது. எறங்குனா சுடாமலே வெந்துரும்."

அப்பா மாவுக் குழாயின் வாயில் தொங்கிய துணியை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினார்.

"அப்ப ஆத்தா என்னையத் தாங்கலையா?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. "எனக்குத் தெரியலப்பா. ஒங்க காலுக்குத் தெரியலங்கறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

"சரி. போ. போயி அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு."

துடைப்பத்தை எடுத்து, ஏற்கனவே கூட்டியிருந்த தரையைக் கூட்ட ஆரம்பித்தார். நான் உள்ளே வந்தேன். கண் எரிந்தது. மிளகாய் அரைத்த நெடி இன்னும் போகவில்லை.

மே 12, செவ்வாய்

விடிந்ததும் அப்பா குளித்துவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது மணிக்கட்டில் காப்பு இல்லை. இருந்த இடத்தில் மட்டும் மஞ்சள் வளையம். அம்மாவிடம், "வண்டி சொல்லு" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

வாடகைக் காரில் முன் சீட்டில் அவர், பின்னால் நாங்கள். ஊர் வளைவைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னார். இறங்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். கோபுரத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, இன்னைக்கு வாய்க்கு லீவா?" என்றார்.

மே 13, புதன்

ஆபரேஷன் முடிந்தது. உள்ளே இருந்தது சாக்குத் தைக்கும் கோணி ஊசியின் உடைந்த முனை. மில்லில் எங்கோ கிடந்து ஏறியிருக்கிறது. எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஏறிய காலுக்கே தெரியாது. எலும்புவரை போய்விட்டதால் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தங்கும் என்றார் டாக்டர். "இதோட நெருப்புல எறங்கியிருந்தா முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமே இருந்திருக்காது" என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டருக்கு எனக்கு அண்ணனாகும் வயதுதான் இருக்கும், கூச்சத்தில் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

சாயங்காலம் ஊரிலிருந்து போன். பூக்குழி வளர்த்துவிட்டார்கள், மில்க்காரர் கேட்கட்டும் என்று யாரோ போனைக் கொட்டுச் சத்தத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்கள். அப்பா போனைக் காதில் வைத்து முழுவதும் கேட்டார். முடிந்ததும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மே 14, வியாழன்

அப்பா நர்ஸிடம் பேசுகிறார். பக்கத்துக் கட்டில் தாத்தாவிடம் பேசுகிறார். டீ விற்க வருகிறவரிடம்கூடப் பேசினார்.

மே 15, வெள்ளி

ரிசல்ட் தேதி பற்றி வார்டில் எல்லோரும் பேசினார்கள். அப்பா கேட்கவில்லை.

மே 16, சனி

அம்மா துணி துவைக்கப் போயிருந்தார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடியே அப்பா பேசினார்.

"ஈசு. எனக்குத் தெரியும்டி."

"என்னப்பா?"

"காலு மரத்துப்போனது. போன வருசத்துக்கு முன்னாலயே. ஒருநாளு சந்தையிலருந்து வீடுவரைக்கும் ஒத்தச் செருப்போட வந்துருக்கேன். எங்க கழண்டு விழுந்துச்சுன்னே தெரியல. வாசல்ல வந்து பாத்தாத்தான் ஒண்ணு இல்ல. அப்பறமும் ரெண்டு மூணு தடவ. வார் வச்ச செருப்பா வாங்கி இறுக்கிப் போட்டுக்கிட்டேன். காப்புக் கட்டுனா எனக்கு நிம்மதி. எல்லாருக்கும் வெறுங்காலு. எவனும் கவனிக்க மாட்டான்."

ஆரஞ்சுத் தோலைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன்.

"எங்கப்பனுக்கு இதே நோவு. காலை எடுத்துட்டாக. அப்பறம் அவரு கட்டில விட்டு எறங்கவே இல்ல. அது மாதிரின்னு எவனாச்சும் சொல்லிருவானோன்னு நான் காலக் காட்ட டாக்டர்கிட்டயே போகல."

"போன வருசம் பூக்குழியில…?"

"மொத அடி வச்சேன். ஒண்ணும் தெரியல. ரெண்டாவது அடியும் தெரியல. பயந்துட்டேன்டி. சுட்ரு ஆத்தா, கொஞ்சமாச்சும் சுட்ருன்னு கேட்டுக்கிட்டேதான் நடந்தேன். அந்தப் பக்கம் ஏறுனதும் எல்லாரும் கால்ல விழுந்துட்டாக. நெதானமா வந்தியேப்பான்னு பூசாரி அழுகுறாரு. நான் என்னத்தச் சொல்ல? ஈரப்புல்லு மாதிரி இருந்துச்சுன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நெசம் மாதிரி ஆயிருச்சு. அதுதான் நல்லா இருந்துச்சு."

பக்கத்துக் கட்டில் தாத்தா இருமினார். அப்பா நிறுத்தி, அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அன்னைக்கு நீ சொன்னப்ப கோவம் இல்ல. மாட்டிக்கிட்டோமேன்னு இருந்துச்சு. ஒம் மூஞ்சியப் பாக்க முடியல."

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்க வேண்டும். எத்தனையோ இருக்கிறது. ஆரஞ்சுச் சுளையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் யாரும் மிளகாய் அரைப்பதில்லை. இருந்தாலும் கண் எரிந்தது.

மே 21, வியாழன்

ரிசல்ட். பாஸ். அறிவியலில்தான் அதிகம். அப்பா வார்டு முழுக்க மிட்டாய் கொடுக்கச் சொன்னார். அங்கே பாதிப்பேர் சர்க்கரைக்காரர்கள். ஹெட் நர்ஸ் என்னைத்தான் திட்டினார்.

மே 26, செவ்வாய்

வீடு. மில்லை இப்போது அம்மா ஓட்டுகிறார். மாவைக் கையில் வாங்கிப் பார்க்கிறார், அப்பா மாதிரியே. ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு துன்னூறு பூச வந்தார். அப்பா மில்லில் இல்லை, உள்ளே இருந்தார். கூப்பிட்டார்கள். கைத்தடியோடு வந்து, "இனிமே எங்கிட்ட வேணாம் ஆத்தா. கோயில்ல போயி பூசுங்க. எனக்குக் கால் செத்துப்போயி சுடாம இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். பாட்டிக்குப் புரியவில்லை. "ஆத்தா காப்பாத்திட்டாளே, அதச் சொல்லு" என்று பேரன் நெற்றியை அப்பா கையில் அவரே உரசிவிட்டுப் போனார். அப்பா கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மே 27, புதன்

டிஸ்சார்ஜ் செய்யும்போது நர்ஸ் சொல்லியனுப்பியது: பாதத்தைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். அடிப்பக்கம், விரலிடுக்கு, குதிகால். முள்ளோ கொப்புளமோ வெடிப்போ, எது வந்தாலும் அவருக்குத் தெரியாது, இன்னொருவர் கண்தான் பார்க்க வேண்டும். அம்மாவுக்குச் சாயங்காலம் மில். ஆகவே நான்.

நாற்காலியில் அவர், தரையில் நான். மடியில் துண்டை விரித்து, "வைங்கப்பா" என்றேன்.

வைக்கவில்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "பொம்பளப் புள்ள மடியில காலப் போடுறதா? பாவம்டி."

"அப்ப ஸ்டூலு வாங்கியாங்க, அதையும் பொம்பளயா ஆம்பளயான்னு கேட்டு வாங்கணும்."

அம்மா மில்லிலிருந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பிறகு குனிந்து, என் தோளை விரல் நுனியால் தொட்டு, அந்த விரல்களைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். யார் மேலாவது தெரியாமல் கால் பட்டுவிட்டால் செய்வோமே, அது. அவர் காலைப் போடுவதற்கு முன்னாலேயே செய்தார்.

அப்புறம் காலை என் மடியில் வைத்தார். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

ஜூன் 2, செவ்வாய்

பார்த்தேன். தையல் காய்கிறது. குதிகாலில் ஒரு வெடிப்பு, மருந்து போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

இன்றும் முதலில் தோளைத் தொட்டார். "தினமுமாப்பா?" என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். நான் கேட்கவில்லை.